கடைசி பஸ் ஹாரனும் நீட்டிய கையும்

நேற்று சாயங்காலம் உங்களில் ஒருத்தி என்னோடு ஸ்னூக்கர் ஆடிக்கொண்டிருந்தாள். அவள் பின்தங்கியிருந்தாள். கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் க்யூ கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினாள். நான் அந்தக் கையை வாங்கவில்லை. திரும்பி நின்று பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். அவள் முகம் சுருங்கியது எனக்குத் தெரியும். பிறகு வெளியே செருப்பு மாட்டும்போது, "மேடத்துக்கு நொம்பத்தான் திமிரு" என்று நீங்கள் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. எனக்குக் கண்ணாடிதான் வந்திருக்கிறது, காது நன்றாகவே இருக்கிறது.

அது திமிர் இல்லை. என்ன என்று சொல்லத்தான் இன்று பயிற்சியை நிறுத்தி எல்லோரையும் உட்கார வைத்திருக்கிறேன். க்யூவை எப்படிப் பிடிப்பது, எங்கே நிற்பது என்பதெல்லாம் கோச் சொல்லித்தருவார். மிச்சத்துக்குப் போனில் வீடியோ இருக்கிறது. எந்த வீடியோவிலும் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் இப்போது பேசப் போகிறேன். கையை எப்போது நீட்டலாம், எப்போது நீட்டக் கூடாது என்பது.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். நம் ஆட்டத்தில் ஃப்ரேம் நடுவே, அதாவது ஒரு சுற்று முடியுமுன்பே, எதிராளியிடம் கை நீட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அவர் அந்தக் கையை வாங்கிவிட்டால் முடிந்தது. பந்துகள் மேசையில் கிடந்தாலும் ஆட்டம் கிடையாது.

என் அப்பா சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வந்து ஏரிப் பக்கம் இந்த லாட்ஜை எடுத்தபோது, கட்டடத்தோடு சேர்ந்து இந்த மேசையும் வந்தது. முன்பு இருந்தவர்கள் பாத்திரம், கட்டில், கொசுவலை வரைக்கும் எடுத்துப் போனார்கள். மேசை மட்டும் கதவைவிடப் பெரியது, அதனால் தப்பித்தது. மழைக்காலத்தில் டூரிஸ்ட் வர மாட்டார்கள். லாட்ஜில் வேலை பார்த்தவர்கள் அதில் ஆடிப் பழகினார்கள். அவர்களைப் பார்த்து நான் பழகினேன். பெரும்பாலும் தலைச்சோலையிலிருந்தும் கொட்டச்சேட்டிலிருந்தும் வருகிறவர்கள். சாயங்காலம் கடைசி பஸ்ஸைப் பிடித்தால்தான் அவர்களுக்கு ஊடு. அதைவிட்டால் காப்பித் தோட்டத்து வழியே பனியில் நடக்க வேண்டும்.

அதனால் எங்கள் லாட்ஜில் ஒரு பழக்கம் வந்தது. ஸ்டாண்டில் பஸ் ஹாரன் அடித்தால், ஆட்டத்தில் யார் பின்னால் இருக்கிறாரோ அவர் கை கொடுத்துவிட வேண்டும். முன்னால் இருக்கிறவர் கேட்கக் கூடாது, பின்னால் இருப்பவர் தானாக நீட்ட வேண்டும். நீட்டாமல் ஆடுகிறவனை, "என்ன சாமி, பஸ்ஸு உங்க மாமனாருதா?" என்பார்கள். தோற்கிறவன் மற்றவர்களைக் காக்கவைப்பது பேராசை, அநாகரிகம். இதுதான் நான் கற்ற முதல் மரியாதை. க்யூ பிடிக்கத் தெரியுமுன்பே எனக்குக் கை நீட்டத் தெரியும்.

அந்தப் பழக்கம் என்ன செய்தது என்பதற்குப் போகுமுன் மேசைத் துணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிறகு அது உதவும்.

பனி எங்கள் ஜன்னலைத் தட்டிக்கொண்டு நிற்காது, உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். மேசையின் பச்சைத் துணி பாதி காய்ந்த புடவை மாதிரி ஆகிவிடும். படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிற கரிப் பெட்டியால்தான் அதையும் தேய்ப்போம். அப்படியும் பந்து சோம்பேறியாகத்தான் உருளும், பலமாக அடித்தால்தான் போகும். இதையே பழகிய நான் முதல் போட்டிக்குச் சென்னை போனேன். ஏசி ஹால், காய்ந்த புதுத் துணி. நான் தட்டிய வெள்ளைப் பந்து மேசையைச் சுற்றி ஊர்வலம் போய்விட்டு நான் நிற்கிற இடத்துக்கே திரும்பி வந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அழுகை முட்டியது. மேசை சரியில்லை என்று ரெஃப்ரியிடம் சொல்லக்கூட வாயெடுத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஃப்ரேமில் ஒரு காரியம் செய்தேன். எந்தப் பந்தையும் பாக்கெட்டில் போட முயலவில்லை. மெதுவாக அனுப்பி, இந்தத் துணியில் பந்து எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று மட்டும் பார்த்தேன். அந்தப் போட்டியில் தோற்றேன். ஆனால் தோற்கிற வேகம் குறைந்தது, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். புது மேசைக்குப் போனால் உங்கள் வீரத்தைக் காட்டுவதற்கு முன்னால் அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள். கேட்டால் எல்லா மேசையும் பதில் சொல்லும்.

இனி கைக்கு வருவோம். மறு வருடம் அதே போட்டியில் கோயமுத்தூரிலிருந்து வந்த ஒரு அக்காவோடு எனக்கு ஆட்டம். என்னைவிடச் சில வயது பெரியவர், பேங்கில் வேலை. பேர் வேண்டாம், சொன்னால் திட்டுவார். கடைசி ஃப்ரேமில் அவர் முன்னால் இருந்தார். ஆனால் எனக்கு எட்டாத தூரம் இல்லை, மேசையில் பந்துகள் போதுமான அளவு கிடந்தன. அந்த நேரத்தில் அடுத்த ஆட்டத்துக்கு வந்த இரண்டு பெண்கள் ஓரமாக நின்று கடிகாரத்தைப் பார்ப்பதைக் கவனித்தேன். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. க்யூவைச் சாய்த்துவிட்டு அக்காவிடம் கையை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், குழப்பத்தோடு வாங்கிக்கொண்டார். பிறகு அந்தக் கையை விடாமல் என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனார்.

"ஏனம்மிணி, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானுங்க்கா இருக்கேன். அவங்க காத்துட்டு நிக்கறாங்களே."

"ஆரு?"

"அடுத்த ஆட்டக்காரங்க."

அக்கா முதலில் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் கோபம் வந்துவிட்டது.

"நான் ஊட்டுல போயி என்னன்னு சொல்றது? செயிச்சேன்னு சொல்றதா, எதுத்தாப்பல இருந்தவ எந்திரிச்சுப் போயிட்டான்னு சொல்றதா? நீ மரியாதன்னு நெனச்சுப் பண்ணுன. எனக்கு அவமானமாப் போச்சு கண்ணு. இன்னொருக்கா நேரங்கெட்ட நேரத்துல கைய நீட்டுனீன்னா நான் வாங்கமாட்டேன், பாத்துக்க."

அன்று எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. நல்லது செய்தால் திட்டுகிறாரே என்று பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் பொருமினேன். சேலத்தை நெருங்கிய பிறகுதான் மெல்ல உறைத்தது. நான் அவருடைய வெற்றியைப் பாதியில் பிடுங்கி வைத்துக்கொண்டு, என் தோல்வியை மட்டும் அவர் கையில் கொடுத்திருக்கிறேன். ஆனால் உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். புத்தி மாறுவதற்கு ஒரு பஸ் பயணம் போதும். கை மாறுவதற்குப் போதாது.

அதற்கப்புறம் அப்பா தவறிவிட்டார். லாட்ஜ் முழுவதும் அண்ணன் தலையில் விழுந்தது. ரிசப்ஷனில் உட்கார, ரூம் பார்க்க, சமையலுக்கு வாங்க எல்லாம் அவர் ஒருவரே. நானோ போட்டி போட்டி என்று ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன். மாநில டீமில் பெண்களுக்கு ஓர் இடம் மிச்சம் என்றும், சேலத்தில் தேர்வு ஆட்டம் நடக்கிறது என்றும் செய்தி வந்தபோது, அண்ணன் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பாப்பா, ஊர்க்காரங்க பேச்சுக்காக நான் சொல்லல. சீசன்ல ஆளில்லாம நாயா அலையறேன், நீயே பாக்கறீல்ல. டீம்ல எடம் கெடச்சா ஆடு, நானே கொண்டுபோயி உடறேன். கெடைக்கலீன்னா க்யூவப் பெட்டில வெச்சுட்டு வந்து ரிசப்ஷன்ல உக்கோரு. சரியா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் கேட்டதில் ஒரு வார்த்தை அநியாயம் இல்லை. அநியாயமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

தேர்வின் கடைசி ஆட்டத்தில் எதிரில் வந்து நின்றது அந்தக் கோயமுத்தூர் அக்காதான். ஜெயிக்கிறவருக்கு டீமில் இடம். அவருக்கும் அந்த இடம் வேண்டும். இருவரும் மாறி மாறி ஜெயித்துக் கடைசி ஃப்ரேமுக்கு வந்தோம். வெளியே மழை. கரன்ட் போய் வந்ததில் ஏசி நின்றுவிட, ஹால் கதவை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். அண்ணன் வாசலில் ஜீப்போடு காத்திருந்தார். இருட்டுவதற்குள் மலை ஏறிவிட வேண்டும் என்பது அவர் கவலை.

கடைசியில் பிரவுன், நீலம், பிங்க், கறுப்பு என்று நான்கே பந்துகள். எல்லாவற்றையும் போட்டால் இருபத்திரண்டு புள்ளி. நான் இருபத்து நான்கு பின்னால். புரிகிறதா? நான்கையும் ஒன்றுவிடாமல் போட்டாலும் இரண்டு புள்ளியில் தோற்பேன். எனக்கு இருந்த ஒரே வழி, வெள்ளைப் பந்தை வேறொரு பந்தின் பின்னால் ஒளித்துவைத்து, முதலில் தொட வேண்டிய பிரவுனைத் தொட முடியாமல் அக்காவைத் தவறு செய்ய வைப்பது. அப்படித் தவறினால் எனக்கு நான்கு புள்ளி வரும். அதன்பிறகு நான்கு பந்தும் விழ வேண்டும்.

அக்கா பிரவுனைப் போடப் பார்த்துத் தவறவிட்டார். என் முறை. நான் மேசையைப் பார்க்கவே இல்லை. வாசலில் நிழலாடியது, அண்ணன் எட்டிப் பார்த்தார். எனக்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. இதற்கு மேல் ஆடுவது பேராசை, எல்லோரையும் காக்கவைக்கிறேன் என்று தோன்றியது. கையை நீட்டிக்கொண்டு அக்காவை நோக்கி நடந்தேன்.

இந்த இடத்தில் கை நீட்டியது விதிப்படி தப்பில்லை. பெரிய ஆட்டக்காரர்களும் நீட்டுவார்கள். வாங்கிக்கொண்டிருந்தால் டீமில் இடம் அக்காவுக்கு. ரெஃப்ரிகூடப் பந்துகளை அடுக்குகிற முக்கோணச் சட்டத்துக்குக் கை கொண்டுபோனார்.

அக்கா என் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். ரெஃப்ரி, "மேடம், அவங்க கை குடுக்கறாங்க" என்றார்.

"நான் தண்ணி குடிச்சுட்டு இருக்கேனுங்க," என்றார் அக்கா, திரும்பாமலே.

என் கை காற்றில் நின்றது. அவ்வளவு பேர் நடுவில் அப்படி நின்றது வெட்கமாக இருந்தது, நேற்று உனக்கு இருந்ததே, அதே மாதிரி. பிறகு வராந்தாவில் அவர் திட்டியது நினைவுக்கு வந்தது. தனக்கு வர வேண்டிய இடத்தைத் தள்ளிவைத்துவிட்டு இந்த மனுஷி தண்ணீர் குடிக்கிறாரே என்று நினைத்தேன். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினேன்.

இக்கட்டில் தைரியம் வந்தது, நம்பிக்கை பிறந்தது என்று யாராவது மேடையில் பேசினால் நம்பாதீர்கள். எனக்கு ஒன்றும் பிறக்கவில்லை. ஜெயிப்பேனா என்ற கேள்வியை விட்டுவிட்டு, இந்த ஒரு அடியில் மேசை எனக்கு என்ன தருகிறது என்று மட்டும் கேட்டேன். குனிந்து இடது கையைத் துணியில் ஊன்றியபோது பதில் கிடைத்தது. மழைக்காற்று பட்டுத் துணி ஈரம் வாங்கியிருந்தது. அது எங்கள் லாட்ஜ் துணி! இஸ்திரி போடாத, பனி குடித்த, சோம்பேறித் துணி. இதில் பந்து எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

பிரவுனை லேசாக உரசிவிட்டு வெள்ளையை அனுப்பினேன். அது உருண்டு உருண்டு போய்க் கறுப்புப் பந்தின் பின்னால், ஒட்டினாற்போல் நின்றது. அக்கா தன் க்யூவின் அடியால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். நம் ஆட்டத்தில் எதிராளியின் நல்ல அடிக்கு அதுதான் பாராட்டு. பிறகு மேசை ஓரத்துக் குஷனில் அடித்துத் திருப்பிப் பார்த்தார். பிரவுனைத் தொட முடியவில்லை. எனக்கு நான்கு புள்ளி.

இப்போது இருபது பின்னால், மேசையில் இருபத்திரண்டு. பிரவுன் விழுந்தது. நீலம் விழுந்தது. பிங்க் பாக்கெட் வாயில் கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்தது. அண்ணன் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியாது, சுவரோரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். கோயிலுக்குள் வந்தவர் மாதிரி.

மிச்சம் கறுப்பு ஒன்றே. அது குஷனை ஒட்டிக் கிடந்தது. போடுவது கஷ்டம். தள்ளிவிட்டு நல்ல சந்தர்ப்பத்துக்குக் காத்திருக்கலாம். ஆனால் தள்ளினால் அந்த ஈரத் துணியில் வெள்ளை அதிக தூரம் போகாது, அக்காவுக்கு எளிதாகிவிடும். யோசித்துத்தான் போடுவது என்று முடிவெடுத்தேன். அடித்தேன். கறுப்பு குஷனை ஒட்டியே ஓடி, பாக்கெட்டின் இரண்டு உதட்டிலும் முட்டி, நின்றுவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அக்கா வந்து போட்டுவிட்டார்.

தோற்றேன். ஆனால் அந்த முடிவு தப்பில்லை. இன்று அதே கறுப்பு அங்கே கிடந்தாலும் அதையே அடிப்பேன். சரியான முடிவும் சில சமயம் உதட்டில் முட்டி நிற்கும். அதற்காக முடிவைத் திட்டாதீர்கள்.

நான் போய்க் கையை நீட்டினேன். அக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இப்பக் குடு கண்ணு. இது செயிப்பு," என்றார். அவர் கண்ணும் நனைந்திருந்தது. நான் வெட்கப்படாமல் அழுதேன்.

ஜீப்பில் கிளம்பினோம். அடிவாரம் தாண்டி வளைவுகளில் ஏறும்போது பனி இறங்கியது. ரிசப்ஷன் மேசையையும் அதன்மேல் இருக்கும் மணியையும் நினைத்துக்கொண்டு வந்தேன். அழக்கூட மிச்சமில்லை. ஒரு வளைவில் மேலிருந்து பஸ் வர, அண்ணன் ஓரமாக நிறுத்தினார்.

"நீ கைய நீட்டுனப்ப, போலாம்னு நான் வண்டிச் சாவிய எடுத்துட்டேன் பாப்பா."

"ம்."

"அப்பறம் அந்தச் சாவி எங்க போச்சுன்னே தெரியல. ஆட்டம் முடிஞ்சப்பறம் பாத்தா, கைக்குள்ளயே இருக்குது. இறுக்கிப் பிடிச்சதுல உள்ளங்கையில தடம்."

பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அவர் வண்டியை எடுக்கவில்லை.

"கொட்டச்சேட்டுல ஒரு புள்ள வேல கேட்டுட்டு இருக்குது. ரிசப்ஷனுக்கு அதையச் சேத்துக்கறேன். நீ அடுத்த வருசத்துக்குப் பாரு."

"தோத்துட்டேனுங்களே அண்ணா."

"அதான் பாத்தேனே," என்றார் அண்ணன். கியரைப் போட்டார்.

அடுத்த வருடம் டீமில் இடம் கிடைத்தது. அதை வைத்து வேலை கிடைத்தது, இந்தியா முழுக்கவும் வெளிநாட்டிலும் மேசைகளைப் பார்த்தேன். ஜெயித்ததும் உண்டு, தோற்றது அதைவிட உண்டு. எத்தனையோ பேரிடம் கை நீட்டியிருக்கிறேன். ஆனால் மேசையைக் கேட்காமல் ஒரு முறையும் நீட்டியதில்லை.

பஸ்ஸுக்காகக் கை கொடுத்த அந்த லாட்ஜ் ஆட்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்குப் பனியில் நடக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் ஏற்பாடு செய்திருக்கிறேன். ஜன்னல் வழியே எட்டிப் பாருங்கள். அந்தப் பழைய ஜீப்பில் மஃப்ளர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் என் அண்ணன்தான். இன்றிலிருந்து ஆட்டம் முடிந்த பிறகு தலைச்சோலைக்காரர்களையும் கொட்டச்சேட்டுக்காரர்களையும் அவரவர் வாசலில் இறக்கிவிடுவார். கேட்டதும் சரி என்றுவிட்டார். உங்கள் ஊட்டுக்கும் சொல்லியாகிவிட்டது.

ஹாரன் கேட்கிறதா? கடைசி பஸ். போகட்டும்.

நேற்று கை நீட்டியவளே, எழுந்து வா. மேசையின்மேல் போட்ட விரிப்பை எடு. உன் ஃப்ரேம் அப்படியே இருக்கிறது, ஒரு பந்தையும் நான் அசைக்கவில்லை. நீ ஒன்பது புள்ளிதான் பின்னால். உன் முறை, ஆடு.